'இ' என்றால் இருட்டு

அனுப்புநர்
முதுநிலை ஆய்வக உதவியாளர்,
லேசர் நிறமாலைப் பிரிவு, இரண்டாம் தளம்.

பெறுநர்
விசாரணை அலுவலர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு.

பொருள்: லேசர் படாத பதிவு கண்டுபிடிப்பாகக் காட்டப்படுவது – நேரில் சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பிரிவில், கண்ணாடிக் குழாயிலுள்ள நைட்ரஜனில் மின்சாரம் பாய்ச்சுகிறோம். அதில் கிளர்ச்சியுற்ற மூலக்கூறுகள்மீது லேசர் பட்டால் அவை எலெக்ட்ரானை இழந்து அயனியாகும், மின்னோட்டம் கூடும். லேசர் படாமலும் மின்னோட்டம் சில நேரம் துள்ளும். அதைக் கண்டறிய, லேசரைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு பதிவு எடுப்போம். அது இருட்டுப் பதிவு. பதினாறு ஆண்டுகளாக அத்தாள்களின் மூலையில் 'இ' என்று எழுதிவருகிறேன்.

2. பிரிவுத் தலைவர் தம் கட்டுரையில் புதிய கண்டுபிடிப்பாகக் காட்டியுள்ள மின்னோட்ட முகடு, என் 'இ' தாளில் இருப்பது. பக்கத்து அறைக் குளிரூட்டி ஓடும்போதெல்லாம் அந்த முகடு எழும்.

3. இதைச் சொன்னதற்கு அவர், "இ-ன்னா இறுதிதானேம்மா. வயசானா மறதி சகஜம்" என்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தார். அவர் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். ஆயினும் இரண்டு நாள் என்னையே சந்தேகித்தேன்.

4. மூன்றாம் நாள் பதிவேட்டைத் திறந்தேன். குறியீடுகளுக்கு விளக்கம் எழுதிய முதல் பக்கத்தைக் காணவில்லை. பிளேடு போட்டதுபோல் ஓரம் நேராக இருக்கிறது. யார் செய்தது என்று நான் சொல்லவில்லை. பதிவேடு இருக்கும் அலமாரியின் சாவி அவரிடமும் என்னிடமும் மட்டுமே உண்டு.

5. மறுநாளே, 'இ' என்பது இறுதியையே குறிக்கும் என்று தட்டச்சிட்ட கடிதம் என் கையெழுத்துக்காக மேசைக்கு வந்தது. நன்றாக ஓடும் குழாயும் வரும் திங்களன்று கழிவுக்குப் போகிறதாம். என் கணவர், "கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இரேன்" என்கிறார். போட்டால், நான் எடுத்த இருட்டுப் பதிவுகள் அத்தனையும் இறுதி முடிவுகளாகிவிடும்.

ஆகவே, திங்களுக்கு முன் குழாயையும் பதிவேட்டையும் தங்கள் பொறுப்பில் எடுத்து, குளிரூட்டியை ஓடவிட்டு, தங்கள் கையாலேயே லேசரை மறைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அரைமணி நேரம் போதும். முகடு மறைந்தால், அங்கேயே அக்கடிதத்தில் கையெழுத்திடுகிறேன். மறையாவிட்டால், முதல் பக்கம் எங்கே என்று அவரிடம் கேளுங்கள்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
முதுநிலை ஆய்வக உதவியாளர்

இடம்: ஆய்வகம், இரண்டாம் தளம்
நாள்: மார்ச் 12, வியாழன்