செவலையின் ஈரல்

ஐப்பசி 17, ஞாயிறு

கிள்ளை ரோட்டில் பைக் மோதி எங்கள் செவலை ஆட்டுக்கு முதுகு முறிந்துவிட்டது. கதறிக்கொண்டே கிடந்தது.

"என்னால பாக்க முடியல, நீயே அறுத்துடு" என்று கத்தியை என் கையில் திணித்துவிட்டு, என் வீட்டுக்காரர் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

புட்டிப்பால் கொடுத்து நான் வளர்த்த ஆடு. கழுத்தை முழங்காலால் அழுத்தி அறுத்தேன். முதல் வெட்டு ஆழமாக விழவில்லை. மூன்றாவதில்தான் ரத்தம் என் முகத்தில் பீச்சியது. துடிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

சத்தம் நின்றதும் அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஈரலத் தனியா எடுத்து வெய்யி. மொளகு ஜாஸ்தியா போட்டு வறு."

அவர் கழுத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. பயந்துபோய் நானே கத்தியை வாய்க்காலில் வீசிவிட்டேன்.