சாக்ஸுக்குள் போடாத பந்து

தலையணை உறை கருகினால் என்ன வாசனை வரும் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டேன். காலை பத்து மணி இருக்கும். அடுப்படியிலிருந்து என் மனைவி, "இன்னாங்க, துணி கருகற வாசன வருது, அயன்பாக்ஸ் போட்டுட்டு மறந்துட்டீங்களா?" என்றாள். அயன்பாக்ஸ் அலமாரியில் இருந்தது. கட்டிலில் பாப்பா காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி, தலையணை மேல், நீ வாங்கித் தந்த கண்ணாடி மாதிரிப் பந்து. ஜன்னல் வெயில் அதன் வழியாக இறங்கி, பந்தை ஒட்டினாற்போல் துணியில் ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்புக் கோடு போட்டிருந்தது. கோட்டின் நுனியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுவீட்டுக்கு ஓடினேன். அப்புறம்தான் திரும்பிப் போய்ப் பந்தை எடுத்தேன்.  பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் பந்தைக் கீழே வைக்க முடியவில்லை, ஏனென்றால் எனக்கு இன்னொரு நெருப்பு ஞாபகம் வந்துவிட்டது.

கம்பெனி பஸ்ஸில் நீ போனை நீட்டி அந்த வீடியோவைக் காட்டியபோது நம் இருவருக்கும் வயது முப்பத்திநாலு. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் கண்ணாடி மாதிரி ஒரு பந்தை உள்ளங்கை, புறங்கை, முழங்கை, தோள் என்று உருட்டிக்கொண்டிருந்தான். எறியவே இல்லை. பந்து அவன் உடம்பை விட்டு விலகவும் இல்லை. காண்டாக்ட் ஜக்லிங் என்று கீழே போட்டிருந்தது. "இத்த கத்துக்கலாம்டா நைனா" என்றாய். பிள்ளை பெற்றவர்கள் செய்கிற வேலையா என்று சிரித்தேன். அடுத்த வாரமே இரண்டு சாத்துக்குடியை நசுக்கித் தீர்த்தோம்.

பிறகு நான் தபாலில் பந்து வரவழைத்தேன். சிமென்ட் தரையில் விழுந்தால் சில்லு பெயரும் என்று பெரியப்பாவின் களத்துக்குப் போனோம். வைக்கோல் போரிலிருந்து கொஞ்சம் உருவிக் காலடியில் பரப்பிக்கொண்டால் எத்தனை தடவை விழுந்தாலும் பயமில்லை. உள்ளங்கையிலிருந்து விரல் நுனி ஏறிப் புறங்கைக்குப் போக எனக்கு மூன்று மாதம் ஆனது. உனக்குப் பத்து நாள். "பந்து நிக்கணும்டா, கைதான் ஓடணும்" என்பாய். பஸ்ஸில் என்னை 'டா' போடுகிறவன், களத்தில் பெரியப்பா தலை தெரிந்ததும் 'நீங்க' என்பாய். காலனிக்காரன் நம் வீட்டுப் பிள்ளையை டா போடுவதா என்று அவர் கேட்டுவிடுவார் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் ஒன்றும் சொன்னதில்லை.

ஆடி முடித்ததும் பந்தைக் கம்பெனி ஷூவுக்குக் கொடுத்த கறுப்பு சாக்ஸுக்குள் போட வேண்டும் என்பது உன் சட்டம். "கீறல் வுழும்டா." உனக்குக் கீறல் மட்டும்தான் தெரியும். எனக்கு அதுவும் பொருட்டில்லை.

அப்படி ஒரு ஞாயிறு உச்சி வெயிலில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பந்தை வைக்கோல் மேலேயே விட்டுவிட்டுப் போனேன். நீ ஒரு பீடி வலித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாய். அரைமணி கழித்துக் கூச்சல் கேட்டு நான் ஓடி வந்தபோது, எனக்கு முன்னால் வந்த நீ போர்ப் புகைக்குள் நுழைந்து பக்கத்தில் கட்டியிருந்த எருமையை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். எருமை பிழைத்தது. உன் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. போர் சாம்பலாகி, பந்து உருகிக் கறுப்புக் கட்டியாகக் கிடந்தது. பெரியப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "கடசியா இங்க பீடி வலிச்சது யாரு?"

"நான்தாங்க."

வேறு யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. உன் மனைவியை எங்கள் நிலத்தில் நடவுக்குக் கூப்பிடுவது அந்தப் பருவத்தோடு நின்றது. நீ பீடியை விட்டாய். பஸ் பிடிக்க களத்து வழியே வராமல் ஏரிக்கரையைச் சுற்றி நடந்தாய். சுருங்கிப்போன கைத்தோலில் பந்து உருள மறுத்தது. ஆனாலும் எனக்கு ஒரு புதுப் பந்து வாங்கி வந்தாய். "ஒன் பந்தும் என்னாலதான் பூட்ச்சி. இத்தயாவது சாக்ஸுல போட்டு வை."

ஒரு நாள் பஸ்ஸில் திடீரென்று சொன்னாய். "பீடிய கல்லுல தேச்சுதான் அணச்சேன்டா. நல்லா ஞாபகம் கீது." நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வுடுடா, பழசு" என்றேன். போன வருஷம் வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதி நீ போய்ச் சேர்ந்தாய். சாவு வீட்டிலிருந்து திரும்பும்போதும் பெரியப்பா உன்னை 'வைக்கப்போர கொளுத்துனவன்' என்றுதான் சொன்னார்.

தலையணை கருகிய மறுநாள், திங்கட்கிழமை, லீவு போட்டேன். மத்தியானம் மொட்டை மாடியில் ஒரு கைப்பிடி வைக்கோலின் மேல் பந்தை வைத்தேன். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர். நெற்றியைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் புகை வந்துவிட்டது. அணைந்த பிறகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அன்றிலிருந்து வெயிலைக் கண்டால் பயம். ஜன்னலோரம் தண்ணீர் பாட்டில் இருந்தால் எடுத்து உள்ளே வைக்கிறேன். பாப்பா தூங்கும் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டேன். அதைவிடப் பெரிய பயம், வாயைத் திறந்து சொல்வது.

முதலில் பெரியப்பாவிடம் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "போனவன் போயிட்டான். இத்த வெளிய சொன்னா ஒம் பேருதான் கெடும். அப்டியே வுட்டுடு" என்றார். அந்த நொடியில் எனக்கு அப்பாடா என்று இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பெரியம்மா கொடுத்த காபியைக்கூடக் குடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னை நினைத்தே பயம் வந்தது. உன்னை இன்னொரு தடவை அந்தப் பழியிலேயே விட்டுவிட்டுக் காபி குடிக்க என்னால் முடிகிறது.

நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். "வாங்கண்ணா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் உன் மனைவி. நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவள் அழவில்லை.

"கல்லுல தேச்சேன், கல்லுல தேச்சேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. தூக்கத்துல கூட. மறந்துட்டு இருப்ப, வுடுன்னு நான்தான் வாய அடச்சேன். நானே அவர நம்பலண்ணா."

பிறகு, "இத்த ஊர்ல சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்லுவேன் என்றேன்.  இன்னொரு தடவை சொன்னேன்.

நாளை காலை பால் சொசைட்டியில் பெரியப்பாவும் மற்றவர்களும் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அங்கே சொல்லப்போகிறேன். நம்பாதவர்களை மத்தியானம் களத்துக்குக் கூப்பிட்டுப் பந்தை வைக்கோலில் வைத்துக் காட்டுவேன். உன் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பந்து இப்போது என் தோள்பையில், கறுப்பு சாக்ஸுக்குள் இருக்கிறது. இதை எழுதுமுன் வெளியே எடுத்துப் புறங்கையில் நிறுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை, உருண்டு மடியில் விழுந்தது. ஆனாலும் போவேன். நீ பீடியைக் கல்லில் தேய்த்துத்தான் அணைத்தாய். நாளை முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லப்போகிறேன்.