வலிக்காத கால்

திண்டுக்கல்,
மாசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் பிரபுவுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை போகிறது, இந்தத் தடவை அது முடியவில்லை சாமி. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். போனில் சொன்னால் அவர் காதிலும் விழும், அதனால்தான் எழுதி, பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருக்கும் பவித்ராவிடம் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கிணறு வற்றி ஆயக்குடியை விட்டு இந்தத் தேங்காய்நார்க் குடோனுக்குக் காவலுக்கு வந்தோமே, அதோடு அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் நின்றுபோனது. ஊரில் சர்க்கார் மாத்திரை கொடுக்கிற இஞ்ஞாசியம்மாள் வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பாள், கால் மரத்திருக்கிறதா என்று உள்ளங்காலைப் பேனா முனையால் அழுத்தி "தெரியுதுங்களாண்ணா?" என்று கேட்பாள். இங்கே மாத்திரை கொண்டுவரும் பெண் கேட்டோடு திரும்பிவிட்டாள், நீங்க வெளியூர்க்காரங்க, உங்க ஊர்லயே வாங்கிக்கங்க என்றாள். ஊருக்குப் போன் போட்டால், ஆள் இல்லாத வீட்டுக்கு எப்படிக்கா குடுக்கறது என்கிறாள் இஞ்ஞாசியம்மாள். ஆஸ்பத்திரியில் போய் வரிசையில் நிற்கலாமென்றால் குடோனை யார் பார்ப்பது, முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். பாகற்காயும் வேப்பங்கொழுந்தும் தின்றே சமாளித்தார் மனுஷன். விட்டு வந்த ஊருக்கும் வேண்டாதவர்களாகி, வந்த ஊருக்கும் வேண்டாதவர்களாகிவிட்டோம்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தார், சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நீ கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து பிழைத்தாயே, அதற்கு நேர்ந்துகொண்டுதான் தைப்பூசத்துக்கு மாலை போட்டார். அன்றைக்கே செருப்பைக் கழற்றிவிட்டார். அவருக்கு மெத்தென்று ஒரு செருப்பு வாங்கி வைத்திருப்பதாக நீ போனில் சொன்னபோது, "மலையேறிட்டு வந்து போட்டுக்கறேன்" என்று சிரித்தாரே, அது இதனால்தான். குடோன் வாசலில் லாரியிலிருந்து விழுந்த ஆணி ஏதோ காலில் ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. நான் ரத்தத்தைப் பார்த்து அலறினால், "வலிக்கவே இல்ல புள்ள, முருகன் பாத்துக்குவான்" என்றார், நானும் நம்பித் தொலைத்தேன். புண்ணில் விபூதியை அடைத்துக்கொண்டு பழனிக்கு நடந்தார். வழியில் நம் ஆயக்குடியில் பாதயாத்திரைக்காரர்களுக்கு மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிவிடுவார்கள் அல்லவா, அவர்களும் பார்த்திருக்கிறார்கள். இம்புட்டுப் புண்ணோட முகம் சுளிக்காம நடக்கறாரே, என்ன அருளு என்று அந்தக் காலையே தொட்டுக் கும்பிட்டார்களாம். ஒருத்தராவது பிடித்து உட்காரவைத்திருக்கக் கூடாதா? டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சர்க்கரையில கால் மரத்துப்போச்சு, வலிக்காததுதாம்மா வியாதியே என்றார்.

கணுக்கால் வரை கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம், எடுக்காவிட்டால் ஆளே தங்க மாட்டாராம். அவரோ, "வலிக்காத காலை எதுக்குங்க வெட்டறீங்க, சாமிக்கு நடந்த காலுங்க" என்று டாக்டரையே கேட்கிறார், சம்மதிக்க மாட்டேன் என்கிறார். உன்னை வரச் சொல்லவில்லை, உனக்கு லீவு கிடைக்காதென்று தெரியும். ஆனால் இதைப் படித்ததும் போன் போட்டு, எனக்காக நடந்தது போதும்பா என்று ஒரு வார்த்தை சொல், நீ சொன்னால் கேட்பார். அழாமல் சொல். அதற்குப் பிறகு ஒற்றைக் காலோடு காவல் வேலை யார் தருவார்கள், எந்த ஊருக்குப் போவோம், ஒன்றும் புரியவில்லை. தைரியமாக இரு என்று உனக்கு எழுதக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

நீயாவது உயரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள். உடம்பில் எங்காவது மரத்துப்போனால் சும்மா விட்டுவிடாதே. அந்த முருகன் உன்னையாவது நோய்நொடியில்லாமல் வைக்கட்டும், அவனிடம் வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. மறக்காமல் இன்னொன்று. வாங்கி வைத்த அந்தச் செருப்பை ஊருக்கு வருகிற யாரிடமும் கொடுத்தனுப்பிவிடாதே கண்ணு. ஜோடியாக அவர் கண்ணில் பட வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மூக்காயி நல்லுசாமி