காலில் நின்ற பயம்

அப்பா,

உங்கள் மைக்கின் தலையில் மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்சு உறை இப்போது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. காம்பஸ் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கிராம்பு மணம் வரும். நீங்கள் ஊர் ஊராக அறிவிப்புச் சொன்ன மைக், ஆம்ப்ளிஃபயர், ஜீப்பின் மேல் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் சவுண்டு கடைக்காரருடையவை. நீங்கள் கண்ணை மூடிய கொஞ்ச நாளிலேயே அவர் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இந்த உறை மட்டும் நீங்கள் வாங்கியது. "அடுத்தவன் எச்சில்ல நான் பேச மாட்டேன் கேட்டியா" என்று சொல்லி, வேலை முடிந்ததும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். கிராம்பும் அதே பையில்தான் கிடக்கும். அதனால் இந்த மணம்.

இன்று கணக்குப் போடத் திறக்கவில்லை. மணத்துக்காகவே திறந்தேன். அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நாளை காலை நம் வார்டு கிராமசபை. நூலகக் கட்டடத்தில் ஊரே கூடும். அங்கே நான் எழுந்து நின்று பேச வேண்டும்.

எதற்கென்று சொல்கிறேன். பாறசாலையிலிருந்து நம் முக்குக்கு வரும் சாயங்கால பஸ் ஓணத்துக்குப் பிறகு ஓடவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து நானும் ஜினியும் மெயின் ரோட்டில் இறங்கி, ரப்பர் தோட்டத்து வழியே நடக்கிறோம். மழை என்றால் ஐந்தரைக்கே அங்கே இருட்டு. போன வாரம் இரண்டு பேர் பைக்கை அணைத்துவிட்டு எங்கள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. வந்தார்கள், அவ்வளவுதான். அதை ஜினி வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா, "ஸ்பெஷல் கிளாஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சை வரப்போகிறது. கணக்கில் ஜினிக்கு இருக்கும் பயம் உங்களுக்குத் தெரியும். கிளாஸுக்கு வராவிட்டால் அவள் தேற மாட்டாள்.

வார்டு மெம்பர் சேச்சி வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "நாங்க சொன்னா எழுதி வச்சுட்டுப் போயிருவாவ மோளே. நடக்குத பிள்ளதான் சொல்லணும். அந்த வழியில உன் வீடாக்கும் கடைசி. நீ பேசு." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அம்மாதான், "இவளா? வேற ஆரெங்கிலும் பேசட்டு" என்றாள்.

அம்மா சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்களுக்குத் தெரியாத கதை அது. நீங்கள் போன பிறகு, ஸ்கூல் அசெம்பிளியில் செய்தி வாசிக்க என் முறை வந்தது. மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். "நமஸ்காரம்" என்றேன். பிறகு ஒன்றும் வரவில்லை. பேப்பரில் எழுத்து இருந்தது, எனக்குத் தெரிந்தது, நாக்குதான் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மைக் என் மூச்சை மட்டும் கிரவுண்டு முழுக்கக் கேட்க வைத்தது. டீச்சர் வந்து பேப்பரை வாங்கிக்கொண்டார். வரிசைக்குத் திரும்பும்போது ஒருவன் சொன்னான், "சவுண்டுகாரன் மோளுக்கு சவுண்டு இல்ல." இன்னொருத்தி, "அதுக்கு ஜீப்பும் கர்ட்டனும் வேணும் எலே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் கர்ட்டன் நினைவிருக்கிறதா? பின் சீட்டுப் பக்கம் நீங்கள் தொங்கவிட்ட பச்சைத் துணி. வெயிலுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லீவு நாளில் உங்களோடு நான் ஜீப்பில் வரும்போது அது எனக்கு விளையாட்டு வீடு. மீன் மணம் வந்தால் ஊர் பூவார் என்று தெரியும், வெளியே பார்க்க வேண்டியதில்லை. உள்ளே இருந்தபடி நீங்கள் உற்சவமும் ரத்ததான முகாமும் மரண அறிவிப்பும் சொல்லிக்கொண்டே போவீர்கள். "பிரியப்பட்ட நாட்டுகாரே, அன்பான ஊர்க்காரர்களே" என்று எப்போதும் இரண்டு பாஷையிலும் தொடங்குவீர்கள். தமிழ்நாட்டு எல்லையான பனச்சமூடு வந்ததும் மலையாளத்தைச் சுருக்கித் தமிழை நீட்டுவீர்கள்.

அங்கேதான் ஒருநாள் டீக்கடைக்காரர் ஒருவர் வந்து துணியைச் சரேலென்று விலக்கினார். "இந்தத் தொண்டைக்கு உடையவன் யாருன்னு ஒருக்கா பாப்பமே. வெளிய வாரும், நேர நின்னு ரெண்டு வார்த்தை சொல்லும், டீ என் கணக்கு" என்றார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். உங்கள் வாயருகே இருந்த மைக் கீழே இறங்கியது. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. டிரைவர் மாமன்தான் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் நீங்களே சிரித்தீர்கள். "மொகத்தைப் பாத்தா எனக்கு வராது மக்கா. பத்து ஊருக்குப் பேசிருவேன். பத்து ஆளுக்குப் பேச மாட்டேன்."

அசெம்பிளிக்குப் பிறகு இதை நினைத்துத்தான் நான் ஆறுதல் அடைந்தேன். இது அப்பாவிடமிருந்து வந்தது, நம்மால் ஆகாது, விட்டுவிடலாம் என்று. மெம்பர் சேச்சியிடமும் அதையே சொல்லலாம் என்று இருந்தேன். இன்று மத்தியானம் கிராமசபைக்கான அறிவிப்பு வந்தது. ஆட்டோவில், பதிவு செய்த குரல். நம் முக்கில் ஆளே இல்லாத இடத்தில் நின்று முழுவதும் சொல்லிவிட்டு, ஆள் கூடும் கடைக்கு முன்னால் பாதி வாக்கியத்தோடு கடந்து போனது. நீங்கள் என்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பீர்கள். "பின்னால நிக்கவனுக்குக் கேக்கணும், முன்னால நிக்கவன் எப்படியும் கேட்டுக்கிடுவான்" என்பீர்கள். அந்த ஆட்டோ போன பிறகுதான் செங்கல் ஊர்ப் பக்கத்துக் கோயில் உற்சவம் ஞாபகம் வந்தது. அதை எப்படி மறந்திருந்தேன் என்று தெரியவில்லை.

கடைசி நாள் உற்சவம். கோயில் மைதானத்து ஓரத்தில் ஜீப் நின்றது. பனச்சமூட்டிலிருந்து வந்த ஒரு அம்மா தன் சின்னப் பெண்ணைக் காணவில்லை என்று ஓடி வந்தாள். அவளால் அழ மட்டும்தான் முடிந்தது. நீங்கள் மைக்கை எடுத்தீர்கள். அந்த நேரம் பார்த்து ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. கமிட்டிக்காரர்கள் வேறு மைக் தேடி ஓடினார்கள். "சாமி எழுந்தருளத் தொடங்கியாச்சு, கூட்டம் இனி கலையும், பிள்ளையைப் பிடிக்க முடியாது" என்று யாரோ சொன்னார்.

நீங்கள் துணியை விலக்கிக்கொண்டு இறங்கினீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஜீப்பின் பானெட்டில் ஏறினீர்கள். "மக்கா, காலைப் பிடிச்சுக்கோ" என்றீர்கள். நான் உங்கள் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டேன். ஜீப் உதறியது. இன்ஜின் ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் டிரைவர் மாமன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நிற்கிறார். உதறியது உங்கள் கால்.

மேலே குரல் உதறவில்லை. "பிரியப்பட்ட நாட்டுகாரே, அன்பான ஊர்க்காரர்களே. நிக்க இடத்துலயே நில்லுங்க. மஞ்சப் பாவாடை, காலுல கொலுசு, நாலு வயசுப் பிள்ளை. பக்கத்துல பாருங்க." அதையே மலையாளத்தில் சொன்னீர்கள். பிறகு மறுபடி தமிழில். அத்தனை முகமும் உங்களையே பார்த்தது. சோளப்பொரி விற்பவர் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தார். அதுவரை நீங்கள் நிறுத்தவில்லை, உங்கள் காலும் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன், "அப்பா, பயம் போயிட்டா?"

"எங்க போச்சு? கால்லயாக்கும் நின்னுது. தொண்டைக்கு ஏற விடல்ல."

"அவ்வளவு ஆளுவளும் பாத்தாவளே?"

"நான் அந்தத் தாயைத்தான் பாத்தேன். பின்ன ஒருத்தரையும் தெரியல்ல." கிராம்பை வாயில் போட்டுக்கொண்டீர்கள். "அம்மைட்ட சொல்லாண்டாம். இனி கல்யாண வீட்டுலயும் பேசச் சொல்லுவா."

நான் இவ்வளவு நாளும் உங்களிடமிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டது டீக்கடைக்கு முன்னால் நின்றுபோன நாக்கை. பானெட்டில் உதறிய காலும் உங்களுடையதுதான். அதைக் கையால் பிடித்திருந்தவள் நான். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் பஸ் வராது, ஜினியும் வர மாட்டாள்.

இதை எழுதிவிட்டு எழுந்து அடுக்களைப் பக்கம் போய் நின்றேன். கிணற்றைப் பார்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "பிரியப்பட்ட நாட்டுகாரே, அன்பான ஊர்க்காரர்களே. நான் தினமும் ரப்பர் தோட்டத்து வழியே நடந்து வருகிறேன்." அங்கே நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினேன். பைக் வரும் இடத்தில் நின்றது. மூன்றாம் தடவை முடிவு வரை போனேன். முடித்ததும் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. தூங்கவே இல்லை அவள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு மக்கா. பின்னால நிக்கவனுக்குக் கேக்காண்டாமா?"

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவளே சொன்னாள், "ஜினிக்க அப்பன் வருவாரு. நான் போய்க் கூப்பிடுதேன். முன்னால இருத்துதேன். நீ அவரைப் பாத்துச் சொல்லு."

நாளைக்கு எனக்கும் கால் உதறும் அப்பா. உதறட்டும். மெம்பர் சேச்சி மேஜைக்குப் பின்னால் நிற்கச் சொல்வாள். நான் மேஜையைச் சுற்றி முன்னால் வந்து நிற்கப் போகிறேன். இந்தக் கறுப்பு உறையை மைக்கில் மாட்டப்போவதில்லை, அது என் உள்ளங்கைக்குள் இருக்கும். இன்னொரு கை சும்மாதான் இருக்கும். உங்கள் கணுக்காலைப் பிடித்திருந்த கை அது.