உதறிய உரச் சாக்கு

செவ்வாய்க்கிழமை, ஹாலிஎல.

மூன்று வருடமாக, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் உள்ள போஞ்சிக்காய்ப் பாத்தியில் நான் சாணமும் சாம்பலும் மட்டுமே போடுகிறேன். இன்று பண்டாரவளையிலிருந்து இயற்கைக் காய்கறி வாங்கும் மிஸ் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"எல்லாம் நம்ம வீட்டு விதைங்க மிஸ். மரபணு மாத்துனது ஒன்னும் கெடையாது. தேயிலைக்கு உரம் போட்டுட்டு வந்து, சாக்குல ஒட்டுனத மட்டும் இதுல ஒதறுவேன். எல்லாரும் செய்றதுதானே."

மிஸ் நோட்டை மூடிவிட்டார்.

"அண்ணே, மரபணு மாத்தலைங்கிறது விதைக்கு மட்டுந்தான். அந்த விதைய ரசாயன உரம் போட்டும் வளக்கலாம், மருந்தடிச்சும் வளக்கலாம். இயற்கைன்னா விதையும் சரியா இருக்கணும், மண்ணும் சுத்தமா இருக்கணும். இனி அந்த மூணு வருஷக் கணக்கு மொதல்ல இருந்துதான்."

மிஸ் போனதும் கத்தித் தீர்த்தேன். இவரோ, "வெத நல்ல வெததானே?" என்றே கேட்கிறார்.

"ஏங்க, எதுக்கு ஒதறுனீங்க?"

"எல மஞ்சளாப் போச்சுன்னு நீதானே அழுத."

அழுதேன்தான். பிறகு இலை பச்சையானதும், எல்லாம் சாணத்தின் மகிமை என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் நான்தான்.