நிச்சயத்துக்கு வாங்கிய பேனா

ஆவணி 4, வியாழன்
காலையிலேயே வெயில். பழங்காநத்தம் கடையில் பேனா வாங்கியாயிற்று. (பழங்காநத்தம். இந்த ழ-வைச் சுழிப்பதில் ஒரு சுகம்.) தடித்த பழுப்பு உடம்பு, தங்க நிறக் கொக்கி. மில்லில் டைம் கீப்பர் சட்டைப்பையில் இருந்ததே, அச்சு அதே மாதிரி. அவர் நீட்டும் ரிஜிஸ்தரில் பெருவிரலை உருட்டிக்கொண்டே அந்தப் பேனாவைத்தான் பார்ப்பேன்.

கடைக்காரர்: “புதுசுதாண்ணே. ஆனா அந்தக் காலத்துப் பேனா மாதிரியே செஞ்சிருக்கான். எம்புட்டுக் கனம், பாருங்க.”

ஞாயிறு, பஞ்சவர்ணத்துக்கு நிச்சயம். மூத்த மகள்கள் இருவரின் நிச்சயப் பத்திரிகையிலும் என் கைநாட்டு. கடைசி மகளுக்குக் கையெழுத்து. சோலைமலை. மாலை வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்தது இதற்குத்தான்.

ஆவணி 5, வெள்ளி
கொக்கியின் தங்கம் முழுக்க என் சட்டைப்பையில். மை ஒழுகுகிறது. நிப்பு தாளைக் கிழிக்கிறது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“எழுதுறீகளா, உழுகுறீகளா?”

ஆவணி 6, சனி
மறுபடி கடை. கடைக்காரர் கழற்றிக் காட்டினார். கனத்துக்கு உள்ளே ஓர் இரும்புத் துண்டு. அவ்வளவுதான்.

“இந்த மாடலைப் பாக்கெட்டுல குத்திக்கத்தாண்ணே வாங்குறாக. எழுதுறதுக்கு பால்பாயிண்ட் இருக்குல்ல?”

அதையே வாங்கித் தொலைத்திருக்கலாம். வீம்பு. வீட்டில் மை குறைத்து ஊற்றி நாலு தடவை எழுதினேன். ஒழுகவில்லை.

ஆவணி 7, ஞாயிறு
தூறல். திருமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர். கேசரி போதவில்லை. புரோகிதர் பத்திரிகையைப் படித்து முடித்ததும் சம்பந்தி கையெழுத்துப் போட்டு, தன் பால்பாயிண்டை என்னிடம் நீட்டினார்.

“எங்கிட்ட இருக்கு சம்பந்தி.”

எடுத்தேன். ‘சோ’ போட்டேன். மொத்த மையும் இறங்கிவிட்டது. ‘சோ’ முங்கிப்போயிற்று. விரலெல்லாம் நீலம்.

“நல்ல நேரம் முடியப் போகுது, சீக்கிரம்” என்றார் புரோகிதர்.

பால்பாயிண்டுக்குக் கை நீட்டினேன். சம்பந்தி என் கையைப் பார்த்தார், சிரித்தார்.

“எதுக்கு சம்பந்தி? அதான் விரல்லயே மை இருக்கே. அப்படியே ஒத்திருங்க.”

கூடமே சிரித்தது. ஒத்தினேன். பஞ்சவர்ணம் தலை நிமிரவில்லை.

ஆவணி 8, திங்கள்
மை போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தும். இது பென்சிலில். சோலைமலை சோலைமலை சோலைமலை சோலைமலை. ஒன்றில்கூடத் தப்பில்லை.