ஒரு கூண்டு முன்னால்

அம்மா,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே என் பள்ளிச் சீருடை, அடியில் உன் சட்டை. உன் சட்டை என்றால் அப்பாவின் காக்கிச் சட்டை. லாரியோடு போன அப்பா திரும்பாமல் போனபின், சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டுதானே பண்ணை வேலைக்குப் போனாய். அத்தை எத்தனை முறை துவைத்தும், மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த அந்தத் தீவன வாசம் போகவே இல்லை. கடையில் விற்கிற எந்த சென்ட்டுக்கும் இவ்வளவு ஆயுசு கிடையாது. முகர்ந்தேன். முதலில் தும்மல் வந்தது, அப்புறம்தான் அழுகை.

இப்போது பள்ளிபாளையத்தில் மாமா வீட்டில் இருக்கிறேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். காதுக்குள் யாரோ ஓயாமல் கோழித்தீவனம் கொட்டுவது போல இருக்கிறது. சத்தம் எனக்குப் புதிதில்லை. சத்தம் நின்றால்தான் இன்னும் முதுகு சில்லிடுகிறது. அது ஏன் என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற வழியில், பஸ் நிற்காத இடத்தில் நம் கோழிப்பண்ணை. நம் பண்ணை என்று சொன்னால் முதலாளி சிரிப்பார். கடைசி ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறை மட்டும், வேலை இருக்கும் வரை நம்முடையது. பக்கத்து அறைகளில் ஒடிசாக்காரர்கள். அவர்கள் பேச்சு உனக்குப் புரியாது, உன் பேச்சு அவர்களுக்குப் புரியாது. சொந்தக்காரர்கள் நாற்றம் என்று எட்டிப் பார்க்கமாட்டார்கள். சர்ச் தூரம், அதோடு கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வாரம் முழுக்க நீ வாய்விட்டுப் பேச ஆள் என்று இருந்தது நான் ஒருவன். நானும் முக்கால்வாசி நேரம் கிண்டல்தான் பேசினேன்.

அதனால் நீ ஷெட்டையே சபையாக்கிக்கொண்டாய். விடியலில் தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டே பாடுவாய். பாதி வரி பாட்டு, மறந்த மீதிக்கு 'ம்ம்'. நீ நெருங்க நெருங்க அந்தந்தக் கூண்டுக் கோழிகள் கத்தலை நிறுத்தித் தலையைச் சாய்க்கும். நீ கடந்ததும் மறுபடி தொடங்கும். இருட்டில் டார்ச் வெளிச்சம் நகர்வது போல, அந்தக் கூச்சலுக்குள் ஒரு வட்டம் அமைதி உன்னோடு நகரும்.

"பாஸ்டரம்மா, சபை நெறஞ்சு வழியுது. காணிக்கையும் தவறாம முட்டையா விழுது. ஒருத்திகூட ஆமென் சொல்ல மாட்டேங்கறாளே" என்பேன்.

"கேக்குதுங்கல்ல, அது போதும் போ. நீ பரிச்சையில வாங்கற முட்டைக்கு இதுங்க போடற முட்டை மேலு" என்பாய்.

ஷெட்டுக்குள் போகும்முன் தகரக் கதவைத் தட்ட வேண்டும் என்பது பண்ணையில் எல்லாருக்கும் சொல்லித்தருகிற முதல் பாடம். திடீரென்று ஆள் நுழைந்தால் கோழிகள் மிரண்டு, கூண்டுக்குள் ஒன்றை ஒன்று மிதிக்கும், முட்டையும் குறையும். எல்லாரும் கடனே என்று தட்டுவார்கள். நீ மட்டும் தட்டிவிட்டுச் சற்று நிற்பாய், உள்ளேயிருந்து யாரோ வந்து திறப்பதற்காக நிற்பதைப் போல. நம் அறையில் தொங்கிய காலண்டரில் இயேசு ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார், ஞாபகம் இருக்கிறதா? "அவரே தட்டிப்போட்டு நிக்கறாரு. நாம எந்த ஊரு பெரிய மனுசங்க?" என்பாய்.

ஒருநாள் உனக்கு முன்னால் எழுந்து உள்ளே ஒளிந்துகொண்டேன். நீ தட்டினாய். நான் உள்ளேயிருந்து அதே தாளத்தில் திருப்பித் தட்டினேன். நீ அலறியடித்து ஓடுவாய் என்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன்.

"வந்துட்டேன் சாமி" என்றாய், வெகு நிதானமாக. பிறகு, "ஆண்டவரே, உம்பட ரப்பர் செருப்பு வெளியில கெடக்குது. வாரு அறுந்திருக்கு பாருங்க" என்றாய்.

அன்று பண்ணையே சிரித்தது. ஒடிசாக்காரர்களுக்கு அதைக் கையால் நடித்துக் காட்டினாய்.

சிரித்து ஓய்ந்த பிறகு கேட்டேன். "ஏம்மா, ஊரு ஒலகத்துல எடமில்லாம உன்னைக் கொண்டாந்து கோழிக்கு நடுவுல போட்டிருக்காரே உங்க ஆண்டவரு, எதுக்கு?"

நீ இறந்த கோழிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை. "எதுக்கோ வெச்சிருக்காரு. சும்மா ஒருத்தியைத் தனியா வெக்க மாட்டாரு. எனக்குத் தெரியாட்டி என்ன, ஒருநாள் உனக்குத் தெரிய வரும்."

மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது வேதவசனம் இல்லை, பண்ணைப் பாடம். "தட்டிப்போட்டு உள்ள போ கண்ணு. உள்ள ஆளிருக்கும்."

உன்னைப் புதைத்த வாரமே மாமா என்னைக் கூப்பிட்டார். பரிட்சை முடியட்டும் என்றேன். முட்டை ஓய்ந்த கோழிகளைக் கழித்து விற்று, ஷெட்டுக்குப் புதுக் கோழி வந்து சேரும் வரை அறையில் இருந்துகொள் என்றார் முதலாளி. ஒருநாள் விடியலில் மேனேஜர் அண்ணன் வந்து என் கதவை இடித்தார்.

"ஏந்தம்பி, ஷெட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு எதாச்சும் பண்றயா?"

"தூங்கறவனை எழுப்பிக் கேக்கறீங்களேண்ணா."

"அப்ப வந்து பாரு."

உன் ஷெட்டின் கம்பிவலைக்கு வெளியே நின்று பார்த்தோம். கதவோரக் கூண்டுகள் அடங்கின. பிறகு அடுத்தவை. முதலில் அடங்கியவை மறுபடி கத்தத் தொடங்க, இன்னும் தள்ளி இருந்தவை அடங்கின. ஒரு வட்டம் அமைதி நடைபாதையில் ஆள் நடக்கிற வேகத்தில் போனது. தீவன வண்டி நிற்கிற இடங்களில் நின்றது. கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. நடைபாதையில் ஆளே இல்லை.

"பாம்பு கீம்பா இருக்குமாண்ணா?" என்றேன்.

"பாம்புன்னா கோழி கத்துமப்பா. இதுங்க கேக்கறாப்பல நிக்குதுங்க" என்றார். பிறகு மெதுவாக, "உங்கம்மாதான். முதலாளி காதுல போட்றாத. பூசாரியைக் கூட்டியாந்து கெடா வெட்டோணும்பாரு. அந்தம்மாவுக்கு அதெல்லாம் ஒத்துக்காது" என்றார்.

அதன்பின் தினமும் விடியலில் போய் வலையோரம் நின்றேன். பயமாகத்தான் இருந்தது, போகாமல் இருக்கவும் முடியவில்லை. சில நாள் அந்த அமைதி வலைக்கு அந்தப்பக்கம் என் நேருக்கு வரும். வந்ததும் கொஞ்சம் தாமதிக்கும். நான் ஒரு ஜோக்கும் அடித்ததில்லை.

ஆனால் அம்மா, நான் உன் மகன் மட்டுமில்லை, பத்துப் பேரை ஏமாற்றிப் பழகியவன். ஏமாறுவது எப்படி என்றும் தெரியும். பழக்கதோஷம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்துக்கு அடங்கிப் பழகிய கோழிகள், அந்த நேரத்துக்கு அடங்குகின்றன, அவ்வளவுதான். அப்படியென்றால் நீ இத்தனை வருடம் கோழிகளோடு மட்டும்தான் இருந்திருக்கிறாய். பாடியதும் தட்டியதும் நின்றதும் யாரும் இல்லாத இடத்தில். எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்: நீ தனியாகவா இருந்தாய்?

கோழிகளைக் கழித்து லாரியில் ஏற்றினார்கள். ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். புதிதாக இளங்கோழிகள் வந்தன. உன்னைப் பார்க்காதவை, உன் பாட்டைக் கேட்காதவை. வலையோரம் நின்றேன். விடிந்தது. கூச்சல் கூச்சலாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாட்களிலும்.

சரி, பழக்கம்தான் என்று முடிவுகட்டினேன். உன் மேல் கோபம் கூட வந்தது. உள்ளே ஆளிருக்கும் என்றாயே.

மாமா வண்டி கொண்டுவருவதாகச் சொன்ன நாள் காலையில், உன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். நீ நிற்பது போல நின்றேன். உள்ளே போனதும் இளங்கோழிகள் அடித்துக்கொண்டு கத்தின. உன் பாட்டைப் பாடிப் பார்த்தேன். நான் பாடினால் போட்ட முட்டையையும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் போல, கத்தல்தான் கூடியது. பாதி வழியில் நின்றேன். பின்னாலும் கூச்சல், முன்னாலும் கூச்சல். வாயில் ஒரு வார்த்தை விளையாட்டும் வரவில்லை. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

என் பக்கத்துக் கூண்டுகள் அடங்கவில்லை. அவற்றுக்கு அடுத்து, முன்னால் இருந்த கூண்டு அடங்கியது.

ஓர் அடி வைத்தேன். அடங்கியிருந்த கோழிகள் என்னைக் கண்டதும் மிரண்டு கத்தின. அவற்றுக்கு அடுத்தவை அடங்கின. இன்னோர் அடி. மறுபடியும் அதே. அமைதி எனக்கு ஒரு கூண்டு முன்னால் நடந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. அடங்கிய கோழிகள் என் பக்கமே பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, நடைபாதையில், ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில், வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பி ஓடியிருக்கலாம். கால் முன்னால்தான் போனது. கடைசிக் கதவு வரை அப்படியே நடந்தோம். நடந்தோம் என்றுதான் எழுத வருகிறது. கதவருகே வந்ததும், உள்ளேயிருந்து வெளியே போகத் தட்டவேண்டியதில்லை என்று தெரிந்தும், தட்டினேன். திறந்தேன். வெளியே வெயில் வந்திருந்தது. மேனேஜர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கைத்துண்டை மட்டும் நீட்டினார்.

முன்னால் போனது நீயா, நீ சொன்ன ஆளா என்று எனக்குத் தெரியாது. பின்னால் நடப்பவனுக்கு முதுகாவது தெரியும். எனக்கு அதுவும் தெரியவில்லை. ஆனால் உன்னைக் கோழிக்கு நடுவில் வைத்தது எதுக்கு என்று அன்று நான் கேட்ட கேள்விக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. உன்னை அங்கே வைத்தது கோழிகளுக்காக இல்லை. நான் தனியாக நடக்கவேண்டிய வழியில் எனக்கு முன்னால் யாராவது நடந்திருக்க வேண்டும். அதற்காகத்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் தறிகள் நிற்கத் தொடங்கிவிட்டன. ஷிப்ட் மாறுகிற நேரம். ஒவ்வொரு வீடாக நின்று, அமைதி நம் வீட்டை நோக்கி நடந்து வருகிறது. மாமா என்னைத் தறிக்கூடத்துக்குக் கூப்பிடுகிறார். நான் போய்க் கதவைத் தட்டுவேன். அவர் வழக்கம்போலக் கேட்பார். "டேய், நம்மூட்டுப் பட்டறைக்கு எதுக்குடா தட்டற? உள்ள என்ன கோழியா இருக்குது?"

"கோழி இல்லீங் மாமா" என்பேன்.

தட்டிவிட்டுச் சற்று நிற்பேன். முன்னால் போகிறவர் ஓர் அடி எடுத்து வைக்கட்டும்.